யுகம் ஒன்று, முக்காற்புள்ளி

இசாஃபியோர்துரில் தொலைபேசிப் புத்தகம்
முதல் பெயரால்தான் அடுக்கப்பட்டிருக்கும்.
ஒரே பக்கத்தில் நான்கு ஸ்வான்ஹில்தூர்.
ஒருத்தி மருத்துவச்சி. ஒருத்தி வலை பழுதுபார்ப்பவள்.
ஒருத்தி எதையும் போட்டுக்கொள்ளவில்லை.
நான்காவது நான்: பனிச்சரிவுக் காவல்.

இயந்திரத்துக்கு அப்படியொரு புத்தகம் இல்லை.
ஒரே பெயரில் இரண்டு பொதிகள் வந்து நின்றால்
நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்காது.
யார் கட்டியது, எந்த மலைக்காக, கேட்காது.
எல்லாக் களஞ்சியத்துக்காரர்களையும்
ஒரே வரிசையில் நிறுத்தி எண்ணைப் பார்க்கும்.
பெரிய எண் உள்ளே.
எண்ணும் ஒன்றாக இருந்துவிட்டால்
பட்டியலில் நான் யாரை முதலில் எழுதினேனோ அவர்.
பந்திக்கு முந்தியவர் கதைதான்.

ஜனவரி, இரவு பத்து.
ஏழாம் கம்பத்தில் இலையுதிர்காலத்தில்தான்
புது உணரி மாட்டினோம்.
பனியின் ஆழம் கழித்தல் நாற்பது சென்டிமீட்டர் என்கிறது.
தரைக்கும் கீழே பனி!
தெரிந்த பழுதுதான்.
நான்கு புள்ளி இரண்டில் திருத்திவிட்டார்கள்.
புதுப்பி என்றேன்.
இருப்பதே புதியது என்றது.
இருப்பது இரண்டு புள்ளி ஒன்பது.

மூன்று முறை கேட்டேன்.
கணக்குத் தெரியாத கழுதை என்றேன்.
பிறகு காப்பியைக் கீழே வைத்துவிட்டு
இரண்டு இடத்து எண்களையும்
முழுதாக எழுதிக் காட்டச் சொன்னேன்.
இரண்டு புள்ளி ஒன்பதுக்கு முன்னால்
ஒரு ஒன்று.
அதன் பின்னால் முக்காற்புள்ளி.

யுகம்.
அதை வைத்துவிட்டால் போதும்,
எதிரே நான்கு வந்தாலும் நாற்பது வந்தாலும்
போன யுகத்துப் பிள்ளைகள்.
வாசலோடு சரி.

வைத்தவன் ஹாஃப்லிதி.
இப்போது ஃபாரோ தீவுகளில்
சால்மன் கூண்டுகளைப் பார்த்துக்கொள்கிறான்.
எழுப்பிவிட்டேன் போலிருக்கிறது.
"அந்த ஒன்றா?
அப்போது களஞ்சியத்தில் இருந்தது
குளிர் பத்தைத் தாண்டினால் செத்துப்போகும்.
நானே ஒன்று கட்டினேன்.
அவர்களுடையது அதன்மேல் ஏறிவிடாமல் இருக்க,
ஒரு வாரத்துக்கு…"
காற்று இரைந்தது, அவன் பக்கமா என் பக்கமா தெரியவில்லை.
"கழற்ற மறந்துவிட்டேன், ஸ்வான்ஹில்தூர்."

ஒன்பது குளிர்காலம்.
அவனைத் திட்ட வாய் வரவில்லை.
அந்த ஒன்பதில் எத்தனை இரவு
அவன் கட்டியதை நம்பித் தூங்கியிருக்கிறேன்.

முன்னுரிமைக் கோப்பைத் திறந்தேன்.
ஐந்நூறு எழுதினேன். அசையவில்லை.
தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. ம்ஹூம்.
அதன் கண்ணுக்கு இது இறக்கம்;
ஆயிரத்தைத் தாண்டிச் சொன்னால்தான்
படியிறங்கும்.
ஆயிரத்தொன்று.

மேலே ஒரு வரி, இயந்திரம் படிக்காத வரி:
ஏழாம் கம்பத்துக்காக. தேதி. என் பெயர்.
பெயருக்குப் பக்கத்தில் தொழில்,
இன்னும் மூன்று பேர் இருக்கிறார்களே.

இறங்கியது.
ஏழாம் கம்பம் ஒருமுறை இமைத்து
இருநூற்றுப் பன்னிரண்டு என்றது.
வடகிழக்குக் காற்று, மணிக்கு மணி ஏறுகிறது.

சாலைத் துறையில் கெய்ர்முண்டுர்தான் எடுத்தான்.
"எந்த ஸ்வான்ஹில்தூர்?" என்றான்.
"மூடு" என்றேன்.