ஸெனோனின் இடது காது

டெப்போவுக்குக் காப்பி இயந்திரம் வந்த பிறகுதான்
எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.
ஒரு கோப்பைக்கு ஒரு குப்பி,
கட்டைவிரல் பருமனில் அலுமினியக் குப்பி:
ஊதா, செம்பு, கரும்பச்சை,
எப்போதாவது ஒரு பொன்நிறம்.
குடிக்கிறார்கள், எறிகிறார்கள்.
வூச் நகரத்து டிராம் ஓட்டிகள்
தூக்கத்தை விரட்டியதன் மிச்சம் எல்லாம்
அந்தக் கூடையில் கிடக்கிறது.

முதல் நாள் நாலே நாலு
கையுறைக்குள் போட்டுக்கொண்டேன்.
திருட்டில்லை. ஆனாலும் அன்று
பத்தாம் எண் வண்டியை
வளைவுகளில் ரொம்ப மெதுவாகத் திருப்பினேன்.

வீட்டில்
ஊறிய தூளைச் சுரண்டி
ஜன்னல் தொட்டிச் செடிக்குப் போட்டேன்.
குப்பியைக் கவிழ்த்து வைத்து
மாவு உருட்டும் கட்டையால் ஓர் அமுக்கு.
முனகிக்கொண்டே தட்டையானது,
ஓரமெல்லாம் கொசுவம் வைத்தது போல.
ஆணியால் ஒரு துளை.
பேச்சு நின்றுபோன தொலைபேசியின் கம்பியில்
இரண்டு கொக்கி.
ஒரு ஜோடித் தோடு. செலவு,
விரலில் ஒரு கீறல்.

பரிசோதகர் ஓல்கியெர்த்
மனைவிக்கென்று ஊதாவில் ஒரு ஜோடி வாங்கினார்.
பத்து ஸ்வோட்டி.
மறுவாரம் வந்து
அதே ஊதாவில் இன்னொரு ஜோடி கேட்டார்.
யாருக்கென்று நான் கேட்கவில்லை.
பன்னிரண்டு சொன்னேன், பேரம் பேசாமல் கொடுத்தார்.

செய்வது எளிது. வைப்பதற்குத்தான் இடமில்லை.
பொத்தான் மோதிரங்கள் முட்டை அட்டையில்
குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துவிட்டன.
சைக்கிள் டியூபில் வெட்டிய வளையல்களை
ஊறுகாய் ஜாடியின் கழுத்தில் அடுக்கினேன்.
தோடுகள் மட்டும்
ஒன்றின் கொக்கியை ஒன்று பிடித்துக்கொண்டு
பிரிக்கப் பிரிக்கச் சண்டை.
காய்துருவியைச் சுவரில் அடித்து
துளைக்கொன்றாய் மாட்டினேன்.
அழகாகத்தான் இருந்தது,
உருளைக்கிழங்கு அடை சுட மால்வினா வரும்வரை.
"அம்மா, இதில் எதை நான் துருவுவது?"

அலமாரிக்கு மேலே
சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது அந்தச் சட்டம்.
நல்ல மரம், அகலமான சட்டம்.
கண்ணாடி ஏற்கெனவே உடைந்ததுதான்
(எப்படி என்பது இங்கே வேண்டாம்).
பின்பலகையின் ஆணிகள் துருவேறி
கத்திக்கும் அசையவில்லை,
இடுக்கிக்கும் அசையவில்லை.
சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று
திரைச்சீலையின் கிழியாத பகுதியை
இழுத்துக் கட்டி, குண்டூசி குத்தி,
படத்தின் மேலேயே வலை போட்டுவிட்டேன்.
பத்தொன்பது ஜோடி மாட்டினேன்.
இரவு பதினொன்றரை. விளக்கை அணைத்துப் படுத்தேன்.

காலையில் மால்வினா
தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள்.
மூச்சு வாங்கச் சிரிக்கிறாள், கை மட்டும் நீள்கிறது.
கல்யாணக் கோட்டில் ஸெனோன்,
வலைக்குப் பின்னால் விறைப்பாக.
இடது காதில் பொன்நிறத் தோடு
ஜோடியாகத் தொங்குகிறது.
பழம்பொத்தானை எடுத்து வைத்தாலே
"குப்பை, குப்பை" என்று கத்திய ஸெனோன்.
எவ்வளவு பொருத்தம்!
நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

சிரித்து முடித்த பிறகுதான் பார்த்தேன்,
அவன் பக்கத்தில் நான்.
இருபத்தாறு வயது.
காதில் அவன் அத்தையின் முத்துகள்,
இரவல்.
விருந்துத் தட்டுகள் கழுவி முடிவதற்குள்
டப்பாவோடு வந்து
கழற்றி வாங்கிப் போனாள்.
அந்தப் பெண்ணின் காதருகே
வேறொன்றும் மாட்டாமல் விட்டிருந்தேன், தெரியாமலே.
தேடி எடுத்து
அந்த முதல் ஜோடியை,
விரலைக் கீறிய செம்பு நிறத்தை,
அங்கே மாட்டினேன்.
சற்றுக் கோணல். அப்படியே விட்டேன்.

நாலரைக்கு முதல் வண்டி.
இருட்டிலேயே கை நீட்டி
ஸெனோனின் காதிலிருந்து பொன்நிறத்தைக் கழற்றி
என் காதில் போட்டுக்கொள்கிறேன்.
தண்டவாளம் குலுங்கும்போதெல்லாம்
கழுத்தோரம் சின்னச் சத்தம்.
சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.
ஞாபகம் இருந்தால்.