முகர்ந்து பார்த்தல்

திங்கள்கிழமை. கலெக்டர் ஆபீஸ் வாசல்.
மாரமங்கலத்துப் பொன்னுருவியின் தண்ணீர் பாட்டிலைத்
திறந்து முகர்கிறார் காவலர்.
மண்ணெண்ணெய் இல்லை.
சுனைத்தண்ணீர்தான்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
மடியில் வைத்து இறக்கி வந்தது.

பாதை கேட்டு அதே மனு,
பதினோராம் தடவை.
பழைய ரசீதுகளை
லேமினேட் போட்டு வைத்திருக்கிறாள்.

"நம்பிக்கை இருக்காம்மா?"
என் வழக்கமான கேள்வி.
"பஸ்ஸுக்கு நிக்கறவகிட்ட
பஸ் மேல நம்பிக்கை இருக்கான்னு கேப்பியா?
நிக்கறேன்ல."

இருபத்திரண்டு வருஷம்,
ஏழு தேர்தல்.
மக்கள் அரசை நம்புகிறார்களா என்றே
எழுதிப் பிழைத்தேன்.
வாக்கியத்தை ஒரு நாளும்
திருப்பிப் போட்டுப் பார்த்ததில்லை.

வரிசை நகர்கிறது.
அடுத்த பாட்டில். அடுத்த மூடி.

என் பையை
யாரும் திறக்கச் சொல்லவில்லை.
சட்டைப்பையில் தொங்குகிறது
பிரஸ் அட்டை.