குதிரைகள் தயார்

எனக்கு ஒரே ஒரு வசனம்.
"குதிரைகள் தயார், ஐயா."
இரண்டாம் அங்கத்தில் ஒருமுறை,
நான்காம் அங்கத்தில் ஒருமுறை.
மற்ற நேரமெல்லாம் படுதாவுக்குப் பின்னால்
கம்பளிக் கோட்டுக்குள் வெந்துகொண்டு நிற்பேன்.

கோடம்பாக்கத்துக் கோட்டு,
நாள் வாடகை எண்பது ரூபாய்.
எந்தக் காலத்து வில்லனோ
வியர்த்துவிட்டுப் போன வாடை அதில்.

வெளியே அக்னி நட்சத்திரம்.
பெரம்பூரில் தட்டச்சுப் பள்ளியின் மொட்டைமாடிக் கொட்டகையில்
பனி பெய்துகொண்டிருந்தது.
ஃபிரிட்ஜ் பெட்டித் தெர்மோகோலைச் சுரண்டிச் சுரண்டி
ஏணிமேலிருந்து தூவினான் ஜெபசீலன்.
மின்விசிறி போட்டால் பனி பறந்துவிடும்.
அதனால் ருஷ்யாவில்
ஒருவருக்கும் காற்றில்லை.

சமோவார் மட்டும் நிஜம்.
ஜமாலியா டீக்கடைப் பித்தளை பாய்லர்,
பத்து மணிக்குள் திருப்பித் தர வேண்டும்.

எங்கள் பிரபு ஒரு வேலையும் செய்யாதவர்.
கடன்காரர்கள் வாசலில் நிற்க
கைத்துப்பாக்கியைத் துடைத்தபடி
ஆன்மாவைப் பற்றிப் பேசுகிறவர்.
(பகலில் காப்பீட்டு முகவர்.
அண்ணாநகரில் நாளைக்கு நாற்பது வீடு ஏறுவார்.)
நாளை கிளம்புகிறேன் என்பார்,
எல்லாரும் அழுவார்கள்.
நான் வந்து சொல்வேன், குதிரைகள் தயார்.
அவர் இன்னொரு தேநீர் கேட்பார்.

அந்த ஊரில் மரியாதையாய்க் கூப்பிட்டால்
கூடவே அப்பாவும் வருவார் என்றாள்
இயக்குநர் ரெபெக்கா.
வாயில் பழகட்டும் என்று
ஒத்திகை முழுக்க அப்படியே அழைத்தாள்.
"மாசிலாமணி கஜபதியோவிச்,
கோப்பையை இடப்பக்கம் வையுங்கள்."
சிரித்தார்கள். நானும்தான்.
மே மாதத்தில்
எனக்கு முதுகு சில்லிட்டது.

நம்மூரில் அப்பா என்பது ஓர் எழுத்து.
எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி.
க. மாசிலாமணி,
இளநிலை உதவியாளர், குடிநீர் வாரியம்.
அந்தப் புள்ளியை ஆணியாய் அடித்து
முப்பது வருடம் அவரை
மூடி வைத்திருந்தேன்.

துறைமுகத்தில் சரக்கெண்ணும் குமாஸ்தா அவர்.
சனி, ஞாயிறு கிண்டி.
பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் பந்தயப் புத்தகம் பார்ப்பார்,
சிவப்புப் பென்சிலால் சுழிப்பார்.
எந்தக் குதிரை எதற்குப் பிறந்தது,
எது எதன் பேத்தி,
எல்லாம் அத்துப்படி.
எங்கள் பிறந்தநாள்தான் தெரியாது.
அம்மாவின் வளையல் போனது.
தையல் மிஷின் போனது.
பட்டாளம் வீட்டுப் பத்திரம் போனது.
பிறகொரு சனிக்கிழமை
அவரும் போனார்.
சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு.

எழும்பூரில் அரங்கேற்றம்.
நாற்பது பேர் இருக்கலாம்.
மூன்றாவது வரிசையில் அம்மா,
மடியில் துணிப்பை.

நான்காம் அங்கம்.
சீட்டாட்டத்தில் பண்ணையைத் தோற்றுவிட்டு வந்து
நாற்காலியில் சரிகிறார் பிரபு.
தோற்ற மனிதர்
செருப்பைக் கழற்றாமல் உட்காரும் விதம்
எனக்கு எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது.

"குதிரைகள்" என்றேன்.

அடுத்த சொல் வரவில்லை.
தயார், தயார் என்று
படுதாவுக்குப் பின்னால் கிசுகிசுத்தான் ஜெபசீலன்.
அவை அதை நடிப்பென்று நினைத்து
மூச்சைப் பிடித்துக்கொண்டது.
என் புருவத்தில் ஒரு பனித்துணுக்கு
உருகத் தெரியாமல் உட்கார்ந்திருந்தது.

"தயார்" என்றேன்.
ஐயா என்பதைச் சொல்லவில்லை.
ரெபெக்கா பிறகு அதற்குத் திட்டினாள்.

ஆட்டோவில் டவுட்டன் தாண்டும்வரை
அம்மா பேசவில்லை.
என் காதோரம் ஒட்டியிருந்த தெர்மோகோலை
நகத்தால் எடுத்துப் பார்த்தாள்.

"கடைசி வரிக்கும் அந்தக் குதிரைய
காட்டவே இல்லியே?"

"காட்டமாட்டாங்கம்மா."

"நம்ம வூட்லயுந்தான் காட்டல."

பட்டாளம் திருப்பத்தில் வண்டி வளைந்தது.
அவள் அந்தப் பக்கம் பார்க்காமல்
சில்லறை இருக்கிறதா என்று
பையைத் துழாவினாள்.