அரைப்பேர்

அண்ணன் மகன் சுலக்சன்
ஹட்டனில் போன் கடையில் நிற்கிறான்.
ஆறு தவணைக்கு ஒரு மணிக்கூடு கொண்டுவந்து
என் கையில் பூட்டிவிட்டான்.
"அத்தைக்குப் பிரஷர். இனி இது பாத்துக்கும்."
கறுப்பு முகம், ரப்பர் வார்.
நேரமும் காட்டும் என்றான் கடைசியில்,
மறந்துபோன சில்லறையைத் தருவதுபோல.

மறுநாள் பெரட்டு முடிந்து
படங்கு கட்டி, ஏழாம் நம்பர் மலையில் நிரை பிடித்தேன்.
ஒன்பது மணிச் சாயத்தண்ணி இன்னும் வரவில்லை,
கை துடித்தது.
வருத்தம்தான் என்று பயந்துபோனேன்.
மணிக்கூடு வாணவேடிக்கை காட்டுகிறது:
பாராட்டுகள்! இன்றைய இலக்கை அடைந்துவிட்டீர்கள்.
பத்தாயிரம் அடி.

நான் தாண்டியது நாலு வாது.
கொழுந்து கிள்ளுகிற கையை
அது கால் என்று நினைத்திருக்கிறது.
பக்க நிரைப் பரிபூரணம் எட்டிப் பார்த்தாள்:
"இலக்கு முடிஞ்சிருச்சாமே, வீட்டுக்குப் போவமா?"
மலையே சிரித்தது, கங்காணி உட்பட.

அந்திக்கு நிறுவை.
அங்கேயும் புதுசு, சிவப்பு எண் எரிகிற தராசு.
பழையது முழுக்கிலோவாய்க் கழிக்கும்,
ஈரத்துக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று.
புதியது தசமத்தோடு கழிக்கிறது.
நோர்முக்கு ஒன்று தசம் நாலு குறைவு.
கணக்கப்பிள்ளை நிமிராமல் எழுதினார்:
அரைப்பேர்.
கையை நீட்டிக் காட்டினேன்,
நாற்பத்தோராயிரம் அடி, ஐயா.
"அப்ப அதுக்கிட்டயே சம்பளத்தையும் கேளு."

தூக்கத்தையும் எண்ணுகிறது.
மூன்றரைக்குப் பீலியில் குடம் வைக்க எழும்பினால்
விடிந்ததும் கண்டிக்கிறது.
ஆழ்ந்த உறக்கம் ஐம்பத்திரண்டு நிமிடம்.
தேநீரைக் குறையுங்கள்.
என்னிடம் சொல்கிறது.

எனக்குத் தெரியாத ஒன்றையாவது சொல்லும் என்று
இரண்டு கிழமை பொறுத்தேன்.
மூச்சு வாங்குகிறது என்றது; ஏற்றம்.
இதயம் வேகமாய் அடிக்கிறது என்றது;
அன்றைக்குச் சம்பளம்.
மழையில் சறுக்கிக் கானுக்குள் விழுந்தேன்.
விழுந்துவிட்டீர்களா? உதவிக்கு அழைக்கவா?
கரிசனத்தில் குறையில்லை.
சிக்னல் மட்டும் கோயில் வளைவில்தான் கிடைக்கும்.
அந்த உதவியை அழைக்க
நான்தான் எழுந்து ஏறிப்போக வேண்டும்.
பரிபூரணம் படங்கோடு ஓடிவந்து தூக்கினாள்.
அட்டை பிடுங்கினாள்.
"இது ரத்தத்தை அளக்குதா, குடிக்குதா?"
எதைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

பொய் சொல்லக்கூடாது.
கரண்ட் போன இரவில் கக்கூசுக்குப் போனால்
அதன் முகத்து வெளிச்சத்தில் படி தெரிகிறது.
டோர்ச்சிலும் தெரியும்.
டோர்ச்சுக்குத் தவணை இல்லை.

கச்சான் காற்று அடித்த ஞாயிற்றுக்கிழமை
சும்மா ஒரு யோசனை வந்தது.
லயத்துக் கோடியில் சவுக்குக் கிளையில் கட்டிவிட்டு
உடுப்புக் கழுவப் போனேன்.
பின்னேரம் பார்த்தால்
மரம் பதினேழாயிரம் அடி நடந்திருக்கிறது.
பதக்கமும் கிடைத்திருக்கிறது.
நட்ட நாள் தொட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது அது.
அதற்கும் சொந்தமாய் ஒரு பேர்ச் காணி இல்லை.

மாசக் கடைசியில் கோயில் வளைவில் நிற்கும்போது
சுலக்சன் போன் எடுத்தான்.
எப்படி அத்தை, வேலை செய்யுதா?
செய்யுது மகன், என்னைவிடக் கூட.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.
பிறகு சொன்னான்:
அந்த மாசம் கடையில் டார்கெட்டுக்கு ஒன்று குறைந்ததாம்.
குறைந்தால் அவன் சம்பளத்தில் வெட்டுவார்களாம்.
அதுதான் என் பேரில் எழுதினானாம்.
கோபமா அத்தை?

முழுப்பேரா மகன், என்று கேட்டேன்.
அவனுக்கு விளங்கவில்லை.