கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஜாடி

வெள்ளரி ஊறுகாய் வந்த ஜாடி.
நான்கு முறை கழுவியும்
நோட்டுகளில் வினிகர் வாசனை போகவில்லை.
வங்கியில் எண்ணுகிற பெண் மூக்கைச் சுளிப்பாள்,
எதுவும் கேட்கமாட்டாள்.

இப்போது அதில் ஒட்டியிருப்பது ஆர்லோ ட்வைட்.
கோதுமைக் கிடங்கின் ஏணியிலிருந்து விழுந்தவன்.
படத்தில் ஒரு மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறான்;
மீனின் மேல்தான் அதிக வெளிச்சம்.
இடுப்புக்குக் கால் பணம்,
பில்லிங்ஸ் வரை சுமந்துபோன ஹெலிகாப்டருக்கு
முக்கால் பணம்.

படத்தை விரலால் தடவினால்
அடியில் இன்னொரு படத்தின் விளிம்பு தட்டுப்படும்:
வில்மா யேகர், சிறுநீரகம்.
அதற்கும் அடியில் லுண்ட் வீட்டுக் குழந்தை.
அதற்கும் அடியில் வெறும் பசை.
அது யாரென்று
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவளுக்குத்தான் தெரியும்.

போன வியாழன் தீயணைப்பு நிலையத்தில் கூட்டம்.
எல்லாருடைய வைத்தியச் செலவையும் அரசே ஏற்கலாமா என்று.
இரண்டு வண்டிகளை வெளியே பனியில் நிறுத்திவிட்டு
உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள்.
ஹார்லன் ப்ரெக்கே தொப்பியைக் கழற்றாமலே எழுந்தார்:
"என் வியர்வையில் எவனோ மாத்திரை விழுங்குவதா?
அரசாங்கம் கை வைத்தால் வரிசை வரும்.
வரிசையில் நின்றே சாவோம்."
கைதட்டல்.
பள்ளிப் பேருந்து ஓட்டும் டெல்ஃபின் சொன்னாள்:
"நீ வந்த ரோட்டில் பனி வாரியது யார், ஹார்லன்?
உன் வீட்டுத் திருப்பம் வரைக்கும் வார
யாராவது ஜாடி வைத்தார்களா?"
அதற்கும் கைதட்டல்.
அதே கைகள் சில, நான் பார்த்தேன்.

மறுநாள் காலை ஆறு மணி.
ஹார்லன் டீசல் போட்டார். யாருமில்லையென்று பார்த்துக்கொண்டு
நூறு டாலர் நோட்டை நான்காக மடித்து உள்ளே திணித்தார்.
"வாயைத் திறக்காதே" என்றார் என்னிடம்.
ஏறுகிறவனை எட்டுமட்டும்தான் தாங்கலாம்;
அவர் கை நூறு வரை எட்டுகிறது.
நல்ல கைதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

டெல்ஃபின் மத்தியானம் வந்தாள்.
"போடமாட்டேன். போட்டால் இதுதான் வழியென்று ஆகிவிடும்."
கதவு வரை போனாள்.
திரும்பி வந்தாள்.
சில்லறை கண்ணாடியில் அறைந்த சத்தம்
ஒரு திட்டு போலக் கேட்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது ஆர்வின் ஸ்லோட் பற்றி.

ஊரில் யாருக்கும் அவனைப் பிடிக்காது. எனக்கும்தான்.
கடன் வாங்கியதை மறப்பான், நாயை உதைப்பான்.
இலையுதிர் காலத்தில் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினான்;
நுரையீரலில் என்னவோ, லத்தீனில் எழுதியிருந்தது.
கல்லாவில் ஒரு ஜாடிக்குத்தான் இடம், மற்றது லாட்டரிக்கு
என்பது முதலாளி வைத்த சட்டம்.
அவன் ஜாடியை ஐஸ் பெட்டியின் மேல் வைத்தேன்.
ஆறு வாரத்தில் பதினொரு டாலர், ஒரு சட்டைப் பொத்தான்.
பதினொன்றில் ஐந்து அவனே போட்டது.
"காலி ஜாடியில் யாரும் போடமாட்டார்கள், லோர்னா"
என்று சொல்லிக்கொண்டே போட்டான்.

அடக்கத்துக்கு நான் போகவில்லை. அன்று எனக்கு ஷிப்ட்.
பதினொரு டாலரை என்ன செய்வதென்று தெரியாமல்
ஆர்லோவின் ஜாடியில் கொட்டினேன்.
பொத்தானை இழுப்பறையில் போட்டேன்.
அங்கே ஏற்கெனவே ஒரு உறையில்
அடுத்து ஒட்ட வேண்டிய படம் காத்திருக்கிறது;
அதற்கும் பின்னால் இன்னொன்று.
வரிசை வருமாம்.

இரவு கடையைச் சாத்தும்போது
ஜன்னல் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கிறேன்.
இடது கடைவாயில் மெல்வதை நிறுத்தி ஒரு வருடமாகிறது.
போன மாதம் முதல் காதுக்குக் கீழே ஒரு கட்டி,
பட்டாணி அளவு, தொட்டால் நழுவும்.
இருபத்திரண்டு வருடமாக இவர்களுக்குச் சில்லறை கொடுக்கிறேன்.
என்னைப் பிடிக்குமா இவர்களுக்கு?
எவ்வளவு பிடிக்கும், டாலரில்?

வீட்டில் தேடிப் பார்த்தேன்.
நான் சிரிக்கிற மாதிரிப் படம்
ஒன்றுகூட இல்லை.