அம்புக்குறி

செக்கிங் டேபிளில் என் நம்பர் நாற்பத்தொன்று.
ஊசி விட்ட கோடு, எண்ணெய்த் துளி,
கழுத்துப் பட்டியில் ஒரு தையல் குறைச்சல்,
கண்ட இடத்தில்
சின்னச் சிவப்பு அம்புக்குறி ஒட்டுவேன்.
பிழையை நான் சொல்வதில்லை.
அம்பு சொல்லும்.

வயிற்றுக்கும் எனக்கும்
இந்தக் கம்பெனியில் ஒரே சர்வீஸ், ஐந்து மாதம்.
ஷால் மறைக்கவில்லை இப்போது.
டேபிள் விளிம்பு வந்து இடித்தது.
ஸ்டூல் ஒன்று கேட்டேன்.
ஸ்டூல் வரவில்லை, ஆபீசிலிருந்து ஆள் வந்தது.

மேனேஜர் சபாபதி
ஒரு கெட்ட வார்த்தை பேசாத மனிதர்.
"உட்காருங்க அம்மணி,
தண்ணி குடிங்க,
உடம்பப் பாத்துக்கோணுமுங்க,
நாளையிலிருந்து வரவேண்டாமுங்க."
எங்கள் ஊரில்
கழுத்தைப் பிடித்துத் தள்ளும்போதும்
ஒரு 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள்.
வலி தெரியக் கொஞ்ச நேரம் ஆகும்.

மேசைமேல் ஒரு டைப் அடித்த தாள்.
'என் சொந்த விருப்பத்தின் பேரில்,
குடும்பச் சூழ்நிலை காரணமாக...'
கீழே கோடு, கையெழுத்துக்கு.
பேனா மூடியையும் அவரே கழற்றித் தந்தார்.

எட்டு வருடம், ஏழு கம்பெனி.
துணியோ தாளோ
வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துவிடும் கை.
ஏப்ரன் பையில் பாதி ஷீட் இருந்தது.
'சொந்த' மேல் ஒரு அம்பு.
'விருப்பம்' மேல் ஒரு அம்பு.
'குடும்பச் சூழ்நிலை'க்கு இரண்டு:
என் வீட்டுக்காரர் அந்நேரம்
பெரியவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு
டையிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்,
சூழ்நிலைக்கு ஒரு குறையும் இல்லை.
கையெழுத்துக் கோட்டை அப்படியே விட்டு
தாளை இடது பக்கம் வைத்தேன்.
ரிஜெக்ட் பீஸ் வைக்கும் பக்கம்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"கான்ட்ராக்ட் ஆளுங்க நீங்க,
எண்பது நாள் கணக்கு எங்கீங்க இருக்குது?"

அந்த எண்ணை அவர்தான் முதலில் சொன்னார்.
எனக்கு அதுவரை தெரியாது.

வீரபாண்டி பஸ்ஸில்
எண்பதையே மென்றுகொண்டு வந்தேன்.
எண்பது நாள் உழைத்திருந்தால்
இருபத்தாறு வாரச் சம்பளம் உண்டாம்.
வயிற்றைக் காட்டி வெளியே அனுப்பினாலும்
அந்தப் பணம் போகாதாம்.
சங்கத்து ரங்கநாயகி
மொபெட் பெட்ரோல் மூடியைத் தட்டித் திறந்துகொண்டே சொன்னாள்.
அவள் தந்த நோட்டீசை இரண்டு தரம் படித்தேன்.
சட்டத்தில் ஒரு இடத்திலும் 'ங்க' இல்லை.
மரியாதை இருந்தது.

வருகைப் பதிவேட்டில் என் பெயர் கிடையாது.
பண்டல் சீட்டில் நம்பர் உண்டு.
தப்பு விட்டவள் யாரென்று பிடிப்பதற்காக
அவர்களே போட்ட நம்பர்.
ஒடிசாக்காரி மினதி
கழிவறைக்குக் கொண்டுபோய் போனில் எடுத்து அனுப்பினாள்,
சிலது மங்கல், சிலது தலைகீழ்.
இரவு மூன்று மணி வரை எண்ணினேன்.
தொண்ணூற்று மூன்று.
மறுபடி எண்ணினேன்.
ஒன்று என் நம்பர் இல்லை, நாற்பத்தேழு.
எடுத்துவிட்டேன்.

தொழிலாளர் அலுவலகத்தில்
அடுத்த வாய்தா பத்தொன்பதாம் தேதி.
டாக்டர் குறித்தது இருபத்திரண்டு.
உள்ளே உதைக்கிறது,
எந்தத் தேதிக்கென்று தெரியவில்லை.
ஒரே பையில்தான் வைத்திருக்கிறேன்,
பண்டல் சீட்டுப் பிரிண்டும்
துவைத்து மடித்த பழந்துணியும்.