ஆறுதல் பரிசு

நோட்டீசில் கடைசியாக நான்.
பெயரில்லை, 'திருமதி சிவபாதம்.'
திருக்கடலூர் அம்மன் பூங்காவனத்துக் கவிதைப் போட்டி,
ஆளுக்கு ஐந்து நிமிடம்.

பத்து ஆண்கள் கடலைப் பாடினார்கள்.
ஒருவருக்கு அது தாய்,
மற்ற எல்லாருக்கும் காதலி.
நான் மேடையேற ஒரு மணி,
பாயில் பாதிச் சனம் நித்திரை.

தாளை விரித்தேன்,
கறண்ட் போனது.
எழுதியதை மடித்துவிட்டு
வாடியில் மீன் நிறுக்கிற குரலில் சொன்னேன்,
சூரையின் எடையில் தினமும் களவுபோகும் நூறு கிராமை,
தராசுக்கு அடியில் ஒட்டிய காந்தத்தை.
இருட்டில் பெண்கள் சிரிக்கத் தொடங்கினார்கள்,
ஒவ்வொரு பாயாக.

ஆறுதல் பரிசு, சுடுதண்ணிப் போத்தல்.
தந்தவர் வாடி முதலாளி,
என் முகத்தைப் பார்க்கவில்லை.

கிரேக்கத்தில் எவளோ ஒருத்தி
திருவிழாவில் பாடி வென்றாளாம்,
கல்லில் வெட்டினார்களாம்.
மகளின் சரித்திரக் கொப்பியில் படித்தது.
கல் உடைந்து
பெயரில் பாதிதான் மிச்சமாம்.

விடியப்புறம், சந்தி மதிலில்
பசை ருசிக்கு நோட்டீசைத் தின்றுகொண்டிருந்தது
கோட்டைப் பக்கத்து மான்.
சிவபாதம் போய்விட்டார்.
'திருமதி' மட்டும் ஈரமாய் ஒட்டியிருந்தது,
பக்கத்தில் வெறும் சுண்ணாம்பு.

கைப்பையில் பேனை கிடந்தது.